இன்ச்சுக்கு மயங்காதீர்கள், சைடுவாலைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இன்டர்நெட் இணைப்பு வந்ததும் ஆளுக்கொரு தளத்தைத் திறப்பார்கள். வீட்டில் கார் இருந்தால், குறிப்பாகப் பெரிய எஸ்.யு.வி. இருந்தால், அப்பாவோ அண்ணனோ போய் நிற்கும் இடம் அலாய் வீல் விற்கும் தளங்கள்தான். கார் கம்பெனியின் தளத்திலேயே உங்கள் மாடலைத் தேர்வு செய்து, 18 இன்ச் வீலை மாற்றி 20 இன்ச், 22 இன்ச் என்று கிளிக் செய்தால் படம் உடனே மாறும். ரிம் பெரிதாகப் பெரிதாக வண்டி கம்பீரமாகத் தெரியும். பின்னணியில் ஒரு பாலைவனமோ பாறை மலையோ இருக்கும். "கரடுமுரடான பாதைக்கு இதுதான் சரி" என்று மனம் முடிவு செய்துவிடும்.

இந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கரடுமுரடான பாதைக்குப் போக விரும்பும் எஸ்.யு.வி.க்கு, அந்த வண்டியின் பிரேக் இடம் கொடுக்கும் வரை, சிறிய ரிம்மும் உயரமான டயர்ச் சுவரும்தான் சரி. படம் காட்டுவது இதற்கு நேர் எதிரானது. உண்மையைத் தெரிந்துகொள்ள அதே கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். அதை இங்கே சேர்ந்து போட்டுப் பார்ப்போம். எஸ்.யு.வி. இல்லாதவர்களும் படிக்கலாம். இதே கணக்கு உங்கள் சின்னக் காருக்கும் அப்படியே பொருந்தும்.

நம் ஊரும் எஸ்.யு.வி.யும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு எஸ்.யு.வி. அந்நியமான பொருள் இல்லை. தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் பிஎம்டபிள்யூ தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. எக்ஸ் வரிசை வண்டிகள் அங்கே பூட்டப்படுகின்றன. மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி எண்டெவர் வண்டியைத் தயாரித்தது. 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டயருக்கும் பஞ்சமில்லை. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர், சியட் என்று நம்மைச் சுற்றியே பெரிய டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

இவ்வளவு பக்கத்தில் வண்டியும் டயரும் தயாரானாலும், நாம் டயரைத் தேர்வு செய்வது பெரும்பாலும் யாரோ வெளிநாட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான். அங்கே சோதனை நடப்பது பனியிலும் பாறையிலும். நம்முடைய கரடுமுரடுப் பாதை வேறு.

நம்முடைய பாதை எது? முடிச்சூர் ரோட்டில் மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிய பள்ளம். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிய தெரு. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மழைநீர் தேங்கும் இடங்கள். மனை வாங்கியவர்கள் படப்பை, மணிமங்கலம் பக்கம் போனால் தார் முடிந்து தொடங்கும் செம்மண், ஏரிக்கரைக் களிமண். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தோட்டத்துக்குச் செல்லும் மாட்டுவண்டித் தடம். இவற்றில் எல்லாம் டயருக்கு ஆபத்து ஒரே விதமாகத்தான் வருகிறது. கூரான விளிம்பில் டயர் மோதும்போது, அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயரின் சுவர் நசுங்குகிறது. உள்ளே உள்ள நூலிழைகள் அறுந்தால் வெளியே முட்டை போல வீக்கம் தெரியும். அந்த வீக்கத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் வெடிக்கக்கூடும். குடும்பத்தோடு போகும் வண்டியில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கணக்குக்கு முன்னால் டயர் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம்: 255/70 ஆர் 18.

முதல் எண் 255. இது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

இரண்டாவது எண் 70. இது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம் என்று பொருள். குழப்பமே இங்கேதான் வருகிறது. அகலம் மாறினால், அதே 70 வேறு உயரத்தைக் குறிக்கும்.

"ஆர்" என்பது ரேடியல் டயர் என்பதைச் சொல்கிறது. கடைசி எண் 18, ரிம்மின் விட்டம் இன்ச்சில். ஆக ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றும் கலந்து கிடக்கின்றன. மனக்கணக்காகப் போடுவது சிரமம். கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஐந்து நிமிடக் கணக்கு

எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். இரண்டிலும் வழிமுறை ஒன்றுதான்.

முதல் வரிசையில் ஐந்து தலைப்புகளைப் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் டைப் செய்யுங்கள்: அகலம், சதவீதம், ரிம், சைடுவால், மொத்த உயரம்.

இரண்டாவது வரிசையில் முதல் மூன்று செல்களில் 255, 70, 18 என்று தாருங்கள். எண்ணை மட்டுமே தர வேண்டும். "18 இன்ச்" என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கணக்குப் போடாமல் பிழைச் செய்தி தரும்.

இனி சைடுவால் செல்லுக்கு வாருங்கள். சமக்குறி (=) டைப் செய்யுங்கள். பார்முலாவை மனப்பாடம் செய்ய வேண்டாம். மவுஸால் 255 உள்ள செல்லை கிளிக் செய்யுங்கள். பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி (*) போடுங்கள். 70 உள்ள செல்லை கிளிக் செய்யுங்கள். பிறகு /100 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 178.5 என்று விடை வரும்.

அடுத்து மொத்த உயரம் செல். மீண்டும் சமக்குறி. சைடுவால் செல்லை கிளிக் செய்து *2+ என்று டைப் செய்யுங்கள். டயரின் சுவர் ரிம்முக்கு மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது, அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். பின் ரிம் செல்லை கிளிக் செய்து *25.4 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஓர் இன்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். விடை 814.2.

இப்போது விடை வந்த இரண்டு செல்களையும் தேர்வு செய்யுங்கள். வலது கீழ் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே நான்கைந்து வரிசை இழுத்து விடுங்கள். பார்முலா தானாக எல்லா வரிசைக்கும் போய்விடும். இனி ஒவ்வொரு டயர் அளவையும் டைப் செய்ய வேண்டியதுதான், விடை தானாக வரும். எண்ணுக்குப் பதிலாக வரிசையாக # குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செல்லின் அகலம் போதவில்லை, கொஞ்சம் இழுத்து அகலப்படுத்துங்கள். பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துவிடுங்கள்.

கணக்கு சொல்லும் செய்தி

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2020-ல் இந்தியாவில் அறிமுகமான சொகுசு எஸ்.யு.வி. இது. கரடுமுரடான பாதைக்கென்றே பெயர் வாங்கியது. இந்த வண்டிக்குக் கம்பெனியே பல ரிம் அளவுகளைத் தருகிறது. அவற்றின் டயர்களை நம் பைலில் போட்டால் வருவது இது:

255/70 ஆர் 18: சைடுவால் 178.5, மொத்த உயரம் 814.2
255/65 ஆர் 19: சைடுவால் 165.75, மொத்த உயரம் 814.1
255/60 ஆர் 20: சைடுவால் 153, மொத்த உயரம் 814
275/45 ஆர் 22: சைடுவால் 123.75, மொத்த உயரம் 806.3

எல்லாம் மில்லிமீட்டரில். மூன்றாவது வரி வரை மொத்த உயரத்தைப் பாருங்கள். மாற்றமே இல்லை. அதாவது ரிம்மை 18-லிருந்து 20 இன்ச்சுக்கு மாற்றினால் வண்டி ஒரு மில்லிமீட்டர் கூட உயரவில்லை. பெரிய வீல் போட்டால் வண்டி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. 22 இன்ச்சில் டயரின் மொத்த உயரம் கொஞ்சம் குறையவே செய்கிறது.

பெரிய ரிம்முக்கு இடம் எங்கிருந்து வந்தது? சைடுவாலிலிருந்து வந்தது. 18 இன்ச் ரிம்மில் சுமார் 18 சென்டிமீட்டர் இருந்த சுவர், 22 இன்ச்சில் 12 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. பள்ளத்தின் விளிம்புக்கும் உங்கள் ரிம்முக்கும் நடுவில் இருந்த ரப்பரிலும் காற்றிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது உலோகம். விட்டுக்கொடுத்தது காற்று மெத்தை.

பயிற்சிக்கு ஒன்று. நம் சாலைகளில் அதிகம் பார்க்கும் டொயோட்டா ஃபார்ச்சூனரின் 265/65 ஆர் 17, 265/60 ஆர் 18 ஆகிய இரண்டு அளவுகளையும் போட்டுப் பாருங்கள். மொத்த உயரம் 776.3, 775.2 என்று வர வேண்டும். சைடுவாலில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். வந்துவிட்டால் உங்கள் பைல் சரியாக இருக்கிறது.

உயரமான சுவருக்கு இன்னொரு பயன் உண்டு. மணலிலோ சேற்றிலோ போகும்போது டயரில் காற்றைக் குறைத்தால், டயர் பரந்து உட்கார்ந்து பிடிப்பு கூடும். இது பழைய ஜீப் ஓட்டுநர்களுக்கும் தெரிந்த வழி. சுவர் உயரமாக இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். ஒல்லியான சுவரில் காற்றைக் குறைத்தால் ரிம் நேராகக் கல்லில் இடிக்கும். காற்றைக் குறைத்தவர்கள் தார் ரோட்டுக்கு வந்ததும், வேகம் எடுப்பதற்கு முன்பே பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். காரின் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருப்பது நல்லது.

பெரிய ரிம்முக்கும் நியாயம் உண்டு

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ரிம் வெறும் அலங்காரம் என்று சொல்வது நியாயமாகாது. சக்தி கூடிய எஞ்சினுக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும், அது உள்ளே அடங்குவதற்குப் பெரிய ரிம் வேண்டும். உங்கள் வண்டியின் பிரேக் பெரியது என்றால் 18 இன்ச் ரிம் உள்ளே ஏறாமலே போகலாம். வண்டலூரிலிருந்து போகும் வெளிவட்டச் சாலை போன்ற வழுவழுப்பான ரோட்டில், சுவர் ஒல்லியாக இருந்தால் ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி சட்டென்று திரும்பும். இவை உண்மையான பலன்கள்.

ஆனால் நீங்கள் அன்றாடம் போகும் ரோடு எது என்பதே கேள்வி. வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரை உள்ள தெருவும் கணக்கில் சேர வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பிராசஸர் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே உள்ள பவர் சப்ளையைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. ரிம் இன்ச்சும் அப்படித்தான். பளிச்சென்று தெரியும் எண் அது. வண்டியைக் காப்பாற்றும் எண் அருகில் சின்னதாக இருக்கிறது.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. வண்டியோடு வந்த பெரிய வீல்களை நெடுஞ்சாலைக்கு வைத்துக்கொண்டு, கம்பெனி அனுமதித்த சிறிய ரிம்மில் இன்னொரு செட் போட்டு வைக்கலாம். இடமும் வசதியும் உள்ளவர்களுக்கு இதுவே நல்ல தீர்வு.

டயர் வகை: நடுவழியே நல்லது

எஸ்.யு.வி. டயர்களில் பொதுவாக மூன்று வகை. எச்.டி. என்பது தார் ரோட்டுக்கு. ஏ.டி. என்பது தாரிலும் மண்ணிலும் ஓட. எம்.டி. என்பது சேற்றுக்கு, பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்கும்.

படத்தில் வசீகரமாக இருப்பது எம்.டி.தான். தாம்பரம் பகுதிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சேற்றில் அது ராஜா. ஆனால் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில்தான். அங்கே எம்.டி. இரைச்சல் போடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். மிக முக்கியமாக, மழையில் நனைந்த தாரில் பிரேக் போட்டால் நல்ல ரோடு டயர் அளவுக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் பள்ளிக்கரணை அருகே திடீரென்று குறுக்கே வரும் பைக்கை நினைத்துப் பாருங்கள். சேற்றில் சிக்கினால் டிராக்டர் வந்து இழுத்துவிடும், பிரேக் பிடிக்காமல் போனால் இழுத்துவிட யாரும் வர முடியாது.

எப்போதாவது மண் பாதைக்குப் போகிறவர்களுக்கு ஏ.டி. போதும். தெருப் பள்ளம் மட்டுமே பிரச்சினை என்றால் சுவர் உயரமான எச்.டி.யே போதும். எது வாங்கினாலும் பட்டன் தேய்மானத்தைப் பாருங்கள். காருக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மழைத் தண்ணீரில் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பட்டன் குறைந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அகலமான டயரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

திரையில் சரிபார்க்க வேண்டிய மற்ற எண்கள்

தளங்களில் "உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று பச்சை டிக் போட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் பிரேக்கும் வீலும் மாறும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருப்பார்கள். அதையும் வண்டியின் கையேட்டையும் வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்:

சுமை எண்: டயர் அளவுக்குப் பிறகு வரும் எண் இது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1000 கிலோ. சொகுசு எஸ்.யு.வி.க்கள் எடை கூடியவை. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைவாக ஒருபோதும் வாங்காதீர்கள்.

வேக எழுத்து: சுமை எண்ணை ஒட்டி வரும். கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240.

தயாரித்த தேதி: டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025-ன் 14-வது வாரம். ஆன்லைனில் தள்ளுபடி விலையில் வரும் டயருக்கு இதை முதலில் கேளுங்கள். சொகுசு வண்டிகளின் அபூர்வ அளவுகள் நாள்கணக்கில் விற்காமல் கிடக்க வாய்ப்பு அதிகம்.

போல்ட் வட்டம்: வீலின் போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு. உதாரணமாக ஃபார்ச்சூனருக்கு 6 ஓட்டை, 139.7 மில்லிமீட்டர். டிஃபெண்டருக்கு 5 ஓட்டை, 120 மில்லிமீட்டர். "கிட்டத்தட்டப் பொருந்தும்" என்ற பேச்சே இதில் கிடையாது.

ஆஃப்செட்: ரிம்மில் "ஈ.டி." என்று போட்டு ஓர் எண் இருக்கும். வீல் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை இது முடிவு செய்கிறது. இது மாறினால் டயர் மட்கார்டில் உரசும், பேரிங்கில் சுமை கூடும்.

ஸ்டெப்னி: பல சொகுசு வண்டிகளில் ஒல்லியான ஸ்டெப்னிதான் வரும், வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். அதன் சுவர் விறைப்பானது. சுவரே கிழிந்தால் அதுவும் உதவாது. பஞ்சர் கடை இல்லாத மண் பாதைக்குப் போகிறவர்களுக்கு முழு அளவு ஸ்டெப்னி அவசியம்.

ஸ்பீடோமீட்டரும் சட்டமும்

மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். டிஃபெண்டரில் 255/70 ஆர் 18-க்குப் பதில் 285/70 ஆர் 18 போட்டால் என்ன ஆகும் என்று பைலில் பாருங்கள். உயரம் 856.2 வரும். காலியாக உள்ள செல்லில் சமக்குறி போட்டு, புதிய உயரத்தை கிளிக் செய்து, / போட்டு, பழைய உயரத்தை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 1.05 வரும். அதாவது 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 105-ல் போகும். பொதுவாக 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நான்கு வீலிலும் சென்சார் வைத்து நான்குக்கும் சக்தி பிரிக்கும் வண்டியில், கம்பெனி சொன்ன அளவோடு நிற்பதே நல்லது. நான்கு டயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே அங்கீகரித்த அளவுகளுக்குள் தேர்வு செய்தால் பாதுகாப்பாக இருக்கலாம். மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டயரால் முடியாதது

எந்த டயராலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது வெள்ளம்.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகர் மீண்டும் தண்ணீரில் நின்றது. இப்படிப்பட்ட நாளில் "நம்முடையது பெரிய வண்டி, போய்விடலாம்" என்று தோன்றும். டிஃபெண்டரின் தண்ணீர் தாங்கும் ஆழம் அதிகபட்சம் 900 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. மற்ற பல சொகுசு எஸ்.யு.வி.க்களுக்கு இது அரை மீட்டரை ஒட்டித்தான். உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் தேடி, நம் பைலிலேயே ஒரு வரியாக எழுதி வையுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் டயரின் பட்டன் காப்பாற்றாது. தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் மேன்ஹோல் எந்த டயருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் தண்ணீர் நிற்கும்போது பெரிய வண்டி வேகமாகப் போனால், அது கிளப்பும் அலை வாசற்படி தாண்டி வீட்டுக்குள் போகிறது. வண்டிக்குள் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. தரைத்தளத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதும் வீல் தேர்வின் ஒரு பகுதிதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். நன்மங்கலம் காப்புக்காடு விளையாட்டுத் திடல் இல்லை. சென்னைக் கடற்கரை மணலில் வருடத் தொடக்க மாதங்களில் ஆமைகள் முட்டையிடுகின்றன. வற்றிய ஏரி என்று நாம் நினைப்பது அடுத்த மழைக்கு நமக்கே தண்ணீர் தரப்போகும் ஏரி. நல்ல டயர் போட்டிருக்கிறோம் என்பது இந்த இடங்களுக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது.

கடைக்குப் போகும் முன்

நம் பைலில் இப்போது என்ன இருக்கிறது? உங்கள் வண்டிக்குக் கம்பெனி அனுமதித்த டயர் அளவுகள், ஒவ்வொன்றின் சைடுவால், மொத்த உயரம். அதன் கீழே சுமை எண், வேக எழுத்து, போல்ட் வட்டம், ஆஃப்செட், காற்றழுத்தம், தண்ணீர் தாங்கும் ஆழம் ஆகியவற்றையும் சேருங்கள். பிரிண்டர் இருந்தால் ஒரு பக்கத்தில் பிரிண்ட் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "இந்த டிசைன் சூப்பரா இருக்கு சார்" என்று கடைக்காரர் 22 இன்ச் வீலைக் காட்டும்போது, "சைடுவால் எவ்வளவு வருது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.

டயர் மாற்றிய பிறகும் பைலை மூடிவிடாதீர்கள். இன்னொரு ஷீட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட் பார்த்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒரு டயரில் மட்டும் காற்று அடிக்கடி குறைகிறது என்பதை உங்கள் ஞாபகத்தைவிட அந்த ஷீட் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இன்று மாலையே முதல் வரியை டைப் செய்துவிடுங்கள்.